இருப்பாரா, போவாரா?

சலோமியின் புது வாடகை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. அப்போது அவள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில், முழங்கால் மாற்றிக்கொண்ட ஒரு பெரியவரின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் கிடந்த கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம்.

"வலிக்குதும்மா," என்றார் பெரியவர்.

அவர் காலை எவ்வளவு நேரமாக மடக்கியே பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டென்று விட்டாள். மன்னிப்புக் கேட்டாள்.

முப்பத்தெட்டாயிரம் கொடுத்துக்கொண்டிருந்த வீடு. பழைய மகாபலிபுரம் சாலையில், பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு முழ அகலத்தில் பால்கனி. வாடகை ஏறும் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஏறாத வாடகை அந்த ஊரில் இல்லை. அவளைக் கலக்கியது ஏற்றம் இல்லை, அந்த எண்.

ஏனென்றால் அந்த எண் அவள் மனசுக்குள் இருந்தது. மூன்று வாரம் முன்பு, எதிர்வீட்டு வேணிக்காவின் சமையலறையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தபோது அவளே வாய்விட்டுச் சொன்னாள். "நாப்பத்தேழு வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன்க்கா. அதுக்கு மேல ஒரு ரூவா போட்டாலும் மறைமலைநகர் பக்கம் போயிர வேண்டியதுதான்."

அதை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. மகள் ஷைனிகூட அப்போது உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழுக்கு நூறு ரூபாய் குறைவாக வந்து நிற்கிறது வாடகை.

தனி ஆள் சொந்தமாக வாடகைக்கு விடும் வீடு என்பது அந்தச் சாலையில் ஒழிந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வீடுகளை 'மனைத்துணை' என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு மாதாமாதம் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். பூட்டு மனைத்துணையுடையது, லிப்ட் மனைத்துணையுடையது, தண்ணீர் லாரியும் மனைத்துணையுடையது. வாடகையை ஓர் இயந்திரம் போட்டது. குடியிருப்பவர்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். சம்பளம், பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, காய்கறிச் செலவு எல்லாவற்றையும் பார்த்துக் கணக்குப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாடகை போடும். ஒரே மாடியில், ஒரே அளவு வீட்டுக்கு, பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் பத்தாயிரம் வித்தியாசம் இருக்கும். முதலில் கோர்ட்டுக்குப் போனார்கள், கூட்டம் போட்டார்கள். அப்புறம் பழகிப்போயிற்று.

சலோமிக்குச் சொந்த ஊர் நாசரேத். புருஷன் ஷைனி பிறந்த மறுவருஷமே வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு போய்விட்டான். தனியாகப் பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு வீடு தர மற்ற ஆட்கள் முகத்தைச் சுளித்த காலத்தில், கணக்குப்பிள்ளைதான் எந்தக் கேள்வியும் கேட்காமல் வீடு கொடுத்தது. அந்த நன்றிகூட அவளுக்குக் கொஞ்சநாள் இருந்தது.

வேணிக்கா என்கிற அம்சவேணி அவளுக்கு எதிர்வீடு. குடியாத்தத்துக்காரி, ஐம்பத்தொரு வயசு. வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. அவள் கணவர் கோதண்டராமன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து கிடந்தபோது, சலோமி தினமும் காலை ஆறரைக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தாள். பதினாலு மாதம். ஒரு பைசா வாங்கவில்லை. இப்போது அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கிறார். ஷைனியோ பள்ளி விட்டு மூன்றரைக்கு நேராக வேணிக்கா வீட்டுக்குப் போவாள். சாப்பிட்டு, படித்து, தூங்கி, சலோமி வேலையிலிருந்து வந்து கூப்பிடும்வரை அங்கேதான் இருப்பாள். இதில் யாருக்கு யார் கடன்பட்டவர் என்று இருவரும் யோசித்ததே இல்லை.

மறுநாள் காலை சலோமி தரைத்தளத்தில் இருந்த மனைத்துணை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே குடியிருப்பவர்களின் குறை கேட்க பஷீர் என்று ஒருவர் இருந்தார். ஐம்பத்தாறு வயசு, ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. எதைச் சொன்னாலும் "குறிச்சுக்கிட்டேன் மேடம்" என்பார்.

"இந்த நம்பர் எப்படி சார் வந்துச்சு? எனக்கு அது மட்டும் தெரியணும்."

"கணக்கீடு மேடம். குறிச்சுக்கிட்டேன்."

"நான் ஒருத்தருகிட்ட மட்டும் சொன்ன நம்பர் சார் இது. வீட்டுக்குள்ள மைக் வச்சிருக்கீங்களா?"

பஷீர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மேசை மேல் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைப் பார்த்தார். "டீ குடிக்கப் போறேன் மேடம். நீங்களும் வர்றீங்களா?" என்றார்.

சாலைக்கு அந்தப் பக்கம், மெட்ரோ தூணுக்குக் கீழே ஒரு டீக்கடை. பஷீர் தன் கைபேசியை அலுவலகத்திலேயே விட்டு வந்திருந்தார்.

"வீட்டுக்குள்ள மைக் எல்லாம் கிடையாது மேடம், அது சட்டப்படி குத்தம்," என்றார். "உங்களால எவ்வளவு முடியும்னு அதுக்கு நல்லாத் தெரியும். சம்பளம் தெரியும், செலவு தெரியும். தெரியாதது ஒண்ணுதான். இவ்வளவு போட்டா இந்தம்மா இருப்பாங்களா, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்களா? அது மனசு சமாச்சாரம். அதை எந்த பில்லுல பார்க்கிறது? அதனால அது கேக்கும்."

"யாரைக் கேக்கும்?"

"உங்க ஆப்ல 'அக்கம்பக்கம்'னு ஒண்ணு இருக்குமே, பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறாள். அவ்வப்போது மணி அடிக்கும். லிப்ட் சுத்தமாக இருக்கிறதா, காவலாளி மரியாதையாகப் பேசுகிறாரா என்று கேட்கிற வகையறா என்று நினைத்து திறக்காமலே தள்ளிவிடுவாள்.

"அதுல பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்திக் கேக்கும். இந்த வாடகைன்னா இருப்பாரா, போவாரான்னு. ரெண்டே பட்டன். நீங்க சொன்னது பலிச்சா உங்க வாடகையில சலுகை. 'நல்ல அயலார் சலுகை'ன்னு பேரு. நெருங்கிப் பழகுறவங்க சொல்றதுதான் எப்பவும் பலிக்கும். அதனால நெருங்கினவங்களைத்தான் அதிகம் கேக்கும்." பஷீர் டீயை ஆற்றினார். "யார் என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கே காட்டாது மேடம். அதை மட்டும் கேக்காதீங்க."

சலோமி கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அன்றைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வேணிக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். வேணிக்கா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"என்னா சலோ, இந்நேரத்துல? உடம்புக்கு முடியலையா? உள்ள வா. மோர் குடிக்கிறியா?"

"வேணிக்கா, அக்கம்பக்கம்னு ஒண்ணு வருதே, அதுல நீங்க பதில் சொல்லுவீங்களா?"

வேணிக்காவுக்கு முகம் ஒரு நொடியில் வாடிப்போனது. நடிக்கத் தெரியாத முகம் அது. "இல்லை" என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்ற நப்பாசை சலோமிக்கு அதுவரைக்கும் இருந்தது.

"சொல்லியிருக்கேன்," என்றாள் வேணிக்கா.

"யாரைப் பத்தி?"

"மூணு நாலு பேரைப் பத்தி."

"ஏழாவது மாடி மனோன்மணி டீச்சர்?"

வேணிக்கா தலையசைத்தாள். மனோன்மணி டீச்சருக்கு வாடகை ஒரேயடியாக ஏறி, கடைசிவரை சமாளித்துப் பார்த்துவிட்டு, போன வருஷம் திருத்தணிக்கே போய்விட்டார். அவர் போனபோது வேணிக்காதான் கீழே வரை கூடப் போய் அழுதாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கை கால் விழுந்தப்ப எங்க நெலமை உனக்குத் தெரியும் சலோ. ஆஸ்பத்திரிக்கு வச்சு அழுதுட்டு வாடகை குடுக்க வழியில்ல. சொல்லுங்க, குறைக்கிறோம்னு வந்துச்சு. எல்லாரும்தான் சொல்றாங்க. நான் சொல்லாட்டி இன்னொருத்தர் சொல்லுவாங்கன்னு..." அவள் நிறுத்தினாள். "அது தப்புதான். தப்பில்லன்னு நான் சொல்லல."

"என்னைப் பத்தியும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நாப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம் போட்டிருக்கான் வேணிக்கா. நாப்பத்தேழுன்னு நான் சொன்னது இந்த அடுப்பங்கரையிலதான். வேற ஒரு மனுசனுக்குத் தெரியாது."

"நான் பொய்தான் சொன்னேன் சலோ!" வேணிக்கா அவள் கையைப் பிடிக்க வந்தாள். "நாப்பத்தொண்ணுக்கு மேல போனா அவ இருக்க மாட்டான்னு சொன்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. நாப்பத்திரண்டா, நாப்பத்தஞ்சான்னு. ஒவ்வொரு தடவையும் 'போய்விடுவார்', 'போய்விடுவார்'னு அமுக்கினேன். எங்க சாமி மேல சத்தியமா. இந்த மாசத்துலேர்ந்து எனக்குச் சலுகையே நிறுத்திட்டான். இந்தா, நீயே பாரு."

கைபேசியை நீட்டினாள். சலோமி அதை வாங்கவில்லை.

"டீச்சரை வித்தீங்க. இன்னும் மூணு பேரை வித்தீங்க. என்னை மட்டும் விட்டுட்டீங்களாக்கும்?"

"உனக்கு நான் அப்படிச் செய்வேனா?"

"டீச்சர்கூட இப்படித்தான நினைச்சிருப்பாங்க?"

உள்ளறையிலிருந்து கோதண்டராமனின் குரல் வந்தது. "வேணி, யாரு? சலோமியா? வரச் சொல்லு." வார்த்தைகள் கொஞ்சம் குழறும், ஆனால் புரியும். அந்த நாக்கைத் திரும்பப் பேசவைக்கவும் சலோமி பாடுபட்டிருக்கிறாள்.

"இன்னைலேர்ந்து ஷைனி இங்க வர மாட்டா," என்று சொல்லிவிட்டு அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு கதவுக்கும் இடையில் ஆறடிதான் இருக்கும்.

உள்ளே போய் அவள் உட்காரவில்லை. நின்றபடியே கைபேசியை எடுத்து, அதுவரை திறக்காத அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே ஒரே ஒரு கேள்வி மூன்று தடவை கேட்கப்பட்டுப் பதிலில்லாமல் கிடந்தது.

'உங்கள் எதிர்வீட்டுக்காரர் திருமதி அம்சவேணியின் வாடகை ரூ. 43,000 ஆனால்?' கீழே இரண்டு பட்டன். 'இருப்பார்', 'போய்விடுவார்'.

சலோமிக்கு வேணிக்காவின் வீட்டை உள்ளும் புறமும் தெரியும். கோதண்டராமன் வாக்கரை எந்தத் தரை ஓட்டிலிருந்து எந்த ஓட்டுக்கு நகர்த்துவார் என்பதுகூடத் தெரியும். குளியலறைக் கைப்பிடிகளை அளவெடுத்து மாட்டச் சொன்னவளே அவள்தான். புது இடத்துக்குப் போனால் மனுஷன் மறுபடி படுத்துவிடுவார். இருக்கிற நகையை விற்றாவது அவர்கள் இங்கேதான் இருப்பார்கள். இதைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று அவளுக்கு உலகத்தில் கிடையாது.

ஒரு பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம்தான் பிடித்திருக்கும். பேசாமல் இருந்தாலும் போதும், மூன்று தடவை கிடந்த கேள்வி நாலாவது தடவையும் கிடந்திருக்கும்.

'இருப்பார்' என்பதை அழுத்தினாள்.

'நன்றி. நீங்கள் ஒரு நல்ல அயலார்' என்றது திரை.

ஷைனிக்குப் பத்து வயசு. "ஏம்மா வேணிப் பெரியம்மா வீட்டுக்குப் போகக் கூடாது?" என்று நாலு நாள் கேட்டாள். அஞ்சாம் நாள் கேட்பதை நிறுத்தினாள். பள்ளி முடிந்ததும் இரண்டு தெரு தள்ளி ஒரு காப்பகத்தில் இருந்தாள். அங்கே கதவு ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சலோமி வரும்போது ஓடி வரமாட்டாள், எழுந்து மெதுவாக வருவாள்.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அறுபது நாள் அவகாசம் உண்டு. சலோமி அந்த அறுபது நாளும் வீடு தேடினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெரும்பாக்கம், மேடவாக்கம், கேளம்பாக்கம் என்று பஸ் பிடித்து அலைந்தாள். மனைத்துணை இல்லாத இடத்தில் வேறு பெயர் கொண்ட நிறுவனம் இருந்தது. எல்லா இடத்திலும் அவள் பெயரைத் தட்டியதும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்றே வந்தது. ஓரிடத்தில் இருந்த பெண் சொன்னாள், "எல்லா கம்பெனிக்கும் கணக்கு ஒண்ணுதான்க்கா. நீங்க எங்க போனாலும் உங்க நம்பர் உங்க கூடவே வரும்."

இதற்கிடையில் வேணிக்காவின் ஒப்பந்தமும் புதுப்பிக்க வந்தது. சலோமிக்கு அது தெரிந்தது லிப்டில். ஐந்தாம் மாடிப் பெண் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். "ஒன்பதாவது மாடி அம்சவேணிக்கு நாப்பத்து மூணு போட்டுட்டானாம். இருபத்தொன்பது குடுத்துட்டு இருந்தாங்க பாவம். நடக்க முடியாத மனுஷனை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?" சலோமி மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருப்பார்கள் என்று அவள் அறுதியாக நம்பினாள். அவர்கள் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மினி லாரி வந்தது. சலோமி தன் கதவுக்குப் பின்னால் நின்று, கதவில் இருந்த கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். பீரோ போயிற்று, கட்டில் போயிற்று, குளியலறையிலிருந்து கழற்றிய கைப்பிடிகள் ஒரு சாக்கில் போயின. கடைசியாகக் கோதண்டராமன் வந்தார். வாக்கரை ஊன்றி, இடது காலை முன்னால் வைத்து, இடுப்பை நேராக்கி, அவள் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில். அவள் வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் நின்றார். மணியை அமுக்கப் போகிறார் என்று நினைத்தாள். வேணிக்கா அவர் தோளைத் தொட்டு, "வாங்க. நேரமாகுது," என்றாள். கதவுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

தனக்குச் செய்ததற்குப் பதில் செய்தாயிற்று என்று சலோமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பல நாள் உதவியது.

அறுபது நாள் முடிய எட்டு நாள் இருந்தபோது கைபேசி மறுபடி அதிர்ந்தது. 'உங்கள் வாடகை மறுபரிசீலனை செய்யப்பட்டுள்ளது. புதிய வாடகை: ரூ. 40,500.'

ஒரு மனுவும் போடாமல், யாரையும் கெஞ்சாமல் ஆறாயிரத்துச் சொச்சம் தானாகக் குறைந்திருந்தது. சலோமிக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நேராகப் பஷீரிடம் போனாள். அவர் அவளைக் கண்டதுமே எழுந்து, கைபேசியை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, டீக்கடைக்கு முன்னால் நடந்தார்.

"குறைஞ்சுதில்ல மேடம்? கையெழுத்தைப் போட்டுடுங்க. எதுக்கு வம்பு?"

"எதனால குறைஞ்சுது?"

"அதெல்லாம் எதுக்கு மேடம்..."

"சொல்லுங்க சார்."

பஷீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எதிர்வீடு காலியாயிடுச்சில்ல. அதனால."

"எதிர்வீட்டுக்கும் என் வாடகைக்கும் என்ன சம்பந்தம்?"

"அன்னிக்கு முழுசாச் சொல்லல மேடம். அப்ப நீங்க இருந்த இருப்புல சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன். அக்கம்பக்கத்துல எல்லாரும் உண்மை சொல்றதில்ல. சில பேரு பிடிச்சவங்களுக்காகப் பொய் சொல்லுவாங்க. பாவம், குறைஞ்ச வாடகைக்கே போயிடுவாங்கன்னு சொல்லி வைப்பாங்க. மேல இருக்கிறவங்களுக்கு அது ஆரம்பத்துலயே புரிஞ்சுபோச்சு. நாலு பேரைப் பத்தி அச்சு மாதிரி சரியாச் சொன்ன ஒருத்தர், அஞ்சாவது ஆளைப் பத்தி மட்டும் அடியோட தப்பாச் சொன்னா அது என்ன? தப்பா? இல்ல மேடம், பாசம்." அவர் அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துப் பேசினார். "தனக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லன்னு நமக்காகப் பொய் சொல்ற ஆள் எதிர்வீட்டுல இருந்தா, அந்த வீட்டை விட்டு யாராவது போவாங்களா? போக மாட்டாங்க. அப்ப எவ்வளவு முடியுமோ அவ்வளவும் போடலாம். இவ்வளவுதான் கணக்கு. உண்மை சொல்றவங்களைவிட, பொய் சொல்றவங்ககிட்டதான் அது நிறையக் கத்துக்கிட்டுது."

தலைக்கு மேலே மெட்ரோ ஒன்று போயிற்று.

"அந்த ஆள் இப்ப போயாச்சு," என்றார் பஷீர். "இனிமே நீங்க கிளம்பினாலும் கிளம்பிடுவீங்க. அதான் குறைச்சிருக்கு."

சலோமி டீக்குக் காசு கொடுத்தாள். சில்லறையை வாங்க மறந்துவிட்டு நடந்தாள். வேணிக்கா நீட்டிய கைபேசிதான் அவள் கண்ணுக்குள் நின்றது. வாங்கிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

எட்டாம் நாள் அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வேறு வழி இருக்கவில்லை.

வேணிக்காவின் புது முகவரியைப் பால்காரர்தான் விசாரித்துச் சொன்னார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, ரயில்வே லைனை ஒட்டி ஒரு வரிசை வீடு. ஷைனியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். வாங்கிப் போன பழப்பை கையை அறுத்தது.

வேணிக்காதான் கதவைத் திறந்தாள். ஷைனி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. "கண்ணு, எப்படி எளைச்சுட்டே," என்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள் வேணிக்கா. அப்புறம் சலோமியிடம், "உள்ள வா," என்றாள். வீட்டுக்கு வந்தவர் யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

கோதண்டராமன் சுவரோரம் கட்டிலில் படுத்திருந்தார். வாக்கர் மடக்கிச் சாத்தியிருந்தது. சலோமியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் ஓடிப்போய் முதுகுக்குக் கை கொடுத்தாள். இடது கால் மறுபடி மரக்கட்டை மாதிரி இறுகியிருந்தது. "இங்க தரை சரியில்லம்மா," என்றார், ஏதோ தன்மேல் தப்பு போல.

காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சலோமி சொன்னாள். "வேணிக்கா, உங்களுக்கு நாப்பத்து மூணு போட்டாங்களே, அப்ப என்கிட்டயும் கேட்டுச்சு. நான்..."

"தெரியும்," என்றாள் வேணிக்கா.

"எப்படி?"

"வேற யாருக்கு எங்களைப் பத்தி அவ்வளவு தெரியும்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். சலோமி கோதண்டராமனின் குதிகாலைப் பிடித்து மடக்கினாள், நீட்டினாள்.

காப்பி வந்தது. ஷைனிக்குப் பூஸ்ட் வந்தது, அவளுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக. ஒரு மின்சார ரயில் போனது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

"உன் வாடகை என்னாச்சு?" என்று வேணிக்கா கேட்டாள். "அதே நாப்பத்தாறுதானா?"

"இல்லக்கா. குறைச்சுட்டாங்க."

"எவ்வளவு?"

"நாப்பதாயிரத்து ஐநூறு."

வேணிக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக சலோமியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேனே," என்றாள். "நாப்பத்தொண்ணுக்கு மேல இருக்க மாட்டான்னு எத்தனை தடவை அமுக்கினேன். நீதான் நம்பல. இப்பவாச்சும் அதுக்குப் புரிஞ்சிருக்கு பாரு. நான் சொன்ன பொய்யாலதானே குறைஞ்சுது?"

சலோமி கோதண்டராமனின் காலிலிருந்து கையை எடுத்தாள். பஷீர் சொன்னது அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் அது உண்மை. இந்த வாடகை விஷயத்தில் வேணிக்கா அவளுக்காகச் செய்த ஒரே நல்ல காரியமும் வேணிக்காவின் கையிலிருந்து போய்விடும்.

"ஆமாக்கா," என்றாள். "உங்களாலதான் குறைஞ்சுது."

வேணிக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது போதும்," என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். வேணிக்கா ஸ்டேஷன் திருப்பம் வரைக்கும் கூட வந்தாள். ஷைனியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, "போயிட்டு வா கண்ணு," என்றாள். சலோமி அவள் எதிரே நின்றாள். வேணிக்கா அவளையும் பார்த்தாள், உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது.

"சரி, போ," என்றாள். "வண்டி வந்துடும்."